பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து புதியதற்கு: க்ளோனுக்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

புது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான வட்டு) கைக்கு வந்ததும் எந்த க்ளோனிங் மென்பொருள் நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். அதைக் கடைசியில் முடிவு செய்தால் போதும். க்ளோனிங், அதாவது ஒரு வட்டில் உள்ளதை இன்னொரு வட்டுக்கு அப்படியே எழுதும் வேலையில் ஓரளவு பெயர் பெற்ற எந்த மென்பொருளும் சொதப்புவது அரிது. நகலெடுத்து முடித்து, முதல்முறை கணினியை ஆன் செய்யும்போதுதான் சிக்கல் வருகிறது. காரணம் எளிது. கணினி ஒரு வட்டை அடையாளம் காண்பது அதற்குள் இருக்கும் கோப்புகளை வைத்து அல்ல. வட்டின் கையொப்ப எண், ஒவ்வொரு பார்ட்டிஷனின் (வட்டைப் பிரித்த பகுதி) அடையாள எண், எந்த வட்டிலிருந்து எழ வேண்டும் என்று மதர்போர்டில் பதிந்திருக்கும் பூட் பதிவு, அந்த வட்டோடு பேசும் மென்பொருளான டிரைவர் ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று பிசகினாலும், கோப்புகள் ஒன்றுவிடாமல் இருந்தும் திரை கறுப்பாகவே நிற்கும்.

முதலில் பழைய வட்டின் உடல்நிலை

மாற்றும் எண்ணம் வந்ததே பழைய வட்டு மெதுவாகிவிட்டதால்தான் என்றால், அது சாகும் தறுவாயில் இருக்கவும் கூடும். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு ஸ்மார்ட் அளவீடுகளை (வட்டு தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) பாருங்கள். ஹார்ட் டிஸ்கில் நான்கு வரிகள் முக்கியம். 5 என்ற எண்ணுள்ள வரி, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களின் (வட்டின் சிறு சேமிப்புக் கட்டங்கள்) எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டார்கள். 198, சரிசெய்ய முடியாதவை. 199 வேறு வகை: கேபிளிலோ இணைப்பிலோ ஏற்படும் பிழைகளை அது எண்ணுகிறது. 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் வட்டைக் குறை சொல்வதற்கு முன், அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூல மதிப்பைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே 10 என்றால் நம் கணக்கில் 16.

197 பூச்சியமாக இல்லையென்றால் சாதாரண க்ளோன் பாதியில் நிற்கக்கூடும். இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, வட்டுப் பிழைகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க் கருவியை முழு மேற்பரப்புச் சோதனையோடு ஓடவிடுவது. ஏற்கெனவே தள்ளாடும் வட்டை மணிக்கணக்கில் ஓடவைப்பதோடு, கோப்பு அமைப்பிலும் அது கைவைக்கும். சேதமான வட்டில் எதையும் எழுதாமல் முதலில் வெளியே எடுத்துவிடுவதே சரி. அதற்கு உகந்தது லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் (கணினியில் நிறுவாமலே யூஎஸ்பியிலிருந்து இயங்கும் லினக்ஸ்) கிடைக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி. முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிகிற இடங்களை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், அடம்பிடிக்கும் இடங்களுக்கு இரண்டாவது சுற்றில் மூன்று முறை மறுமுயற்சி கொடுங்கள். மேப் கோப்பு ஒன்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அந்தக் கோப்பை வைத்துத்தான். அதில்லாமல் தொடங்கினால் மறுபடி முதலிலிருந்துதான்.

வட்டு டிக் டிக்கென்று சத்தம் போட்டால் உடனே அணைத்துவிடுங்கள். அதற்குமேல் எந்த மென்பொருளும் உதவாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மீட்கும் வாய்ப்பு குறையும்.

புது வட்டு பொருந்துமா

மடிக்கணினியின் 2.5 அங்குல வட்டை மாற்றுவதில் குழப்பம் குறைவு. எஸ்எஸ்டிகளின் தடிமன் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். பழைய கணினியில் 9.5 மில்லிமீட்டர் இடம் இருந்தால் சின்னச் சட்டம் ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம்.

மதர்போர்டிலேயே செருகும் சின்னப் பலகை வடிவ எம்.2 வகையில்தான் கவனம் தேவை. 2280 என்பது அளவு மட்டுமே: 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அந்த வடிவிலேயே பழைய இணைப்பு முறையான சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இயும் உண்டு. ஒன்றுக்கான பொருத்துவாயில் மற்றது செருகிக்கொள்ளவும் கூடும், ஆனால் வேலை செய்யாமல் போகலாம். விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. விதிவிலக்குகள் இருப்பதால் மதர்போர்டு கையேட்டைப் பார்ப்பதே உறுதி. அதே கையேட்டில் இன்னொரு வரியையும் தேடுங்கள்: சில போர்டுகளில் எம்.2 இடத்தை நிரப்பினால் சாட்டா போர்ட் ஒன்று செயலிழக்கும். இது தெரியாமல் "இன்னொரு ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது" என்று பதறுவது சகஜம். பழைய போர்டுகளில் வேறொரு சிக்கல்: விண்டோஸுக்குள் போனபின் என்விஎம்இ தெரியும், ஆனால் அதிலிருந்து பூட் ஆகாது. அதற்கான ஆதரவு பயோஸிலேயே (கணினி எழும்போது முதலில் இயங்கும் மதர்போர்டு மென்பொருள்) இருக்க வேண்டும்.

கொள்ளளவில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. 500 ஜிபி என்று விற்கும் வட்டை விண்டோஸ் 465 என்று காட்டும், 1 டிபி 931 ஆகத் தெரியும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது, இடம் எங்கும் காணாமல் போகவில்லை. பொறி அதுவல்ல. பழைய வட்டு 500, புது எஸ்எஸ்டி 480 என்றால், உள்ளே 100 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் சில மென்பொருள்கள் "இடம் போதாது" என்று மறுத்துவிடும். க்ளோன்ஸில்லா என்ற க்ளோன் மென்பொருளின் இயல்பான அமைப்பும் அப்படித்தான். அப்போது சி டிரைவை முதலில் சுருக்க வேண்டும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சுருக்கப் போனால், 300 ஜிபி காலியாக இருந்தும் 20 ஜிபிதான் சுருக்க முடியும் என்று சொல்லும். விண்டோஸ் தன் தேவைக்கு வைத்திருக்கும் பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் நகல்கள் ஆகியவை நடுவில் உட்கார்ந்துகொண்டு நகர மறுப்பதே காரணம். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தபின் முயன்றால் பெரும்பாலும் வழிவிடும். அப்போதும் அசையாவிட்டால் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளில் 259 என்ற எண்ணைத் தேடுங்கள், தடையாக நிற்கும் கோப்பின் பெயர் அதில் இருக்கும்.

க்ளோனா, இமேஜா, புதிதாக நிறுவலா

இரண்டு வட்டுகளையும் ஒரே நேரத்தில் இணைக்க முடிந்தால் க்ளோன். ஒரே ஒரு எம்.2 இடம் உள்ள மடிக்கணினி என்றால், வெளி வட்டில் இமேஜ் (முழு வட்டின் நகலைக் கோப்பாகச் சேமித்தது) எடுத்து, மீட்பு யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து, புது வட்டில் இறக்குங்கள். நேரம் கூடினாலும் இமேஜ் வழியே எனக்கு உவப்பானது. பழையது, புதியது, இமேஜ் என்று மூன்று இடங்களில் தகவல் இருக்கும். நேரடி க்ளோனில் மூலத்தையும் இலக்கையும் மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டால் காலி வட்டின் வெறுமை அழகாகப் பழைய வட்டின்மேல் நகலாகிவிடும். ஆகவே எந்த வழி என்றாலும் முக்கியக் கோப்புகளுக்குத் தனி பேக்கப் ஒன்று மூன்றாவது இடத்தில் இருந்தாக வேண்டும்.

பல வருடமாக நிறுவியும் நீக்கியும் கந்தலாகிப்போன விண்டோஸை அப்படியே புது வட்டுக்குச் சுமந்து போவதில் பொருளில்லை. குப்பையும் சேர்ந்தே நகரும். அதற்குப் புதிய நிறுவல்தான் நல்லது. தரவை நகர்த்துவது பற்றிப் பின்னால் வருகிறேன்.

நகலெடுக்கும் முன்

பிட்லாக்கர் (வட்டில் உள்ளதை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். "நான் அதை ஆன் செய்யவே இல்லையே" என்பது போதாது. விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே சாதன மறையாக்கம் தானாக இயங்கத் தொடங்கும். 48 இலக்க மீட்பு எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்து காகிதத்தில் எழுதுங்கள், அதே கணினியில் சேமித்தால் பயனில்லை. பிறகு பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள். இயங்கும் விண்டோஸுக்குள்ளிருந்து எடுத்த நகல் பெரும்பாலும் மறையாக்கம் இன்றியே வரும், புது வட்டில் மறுபடி ஆன் செய்ய மறக்கக் கூடாது. மாறாக, பூட்டிய நிலையில் வெளியிலிருந்து நகலெடுத்தால், எது காலி எது நிரம்பியது என்று மென்பொருளுக்குத் தெரியாது. 60 ஜிபி பயன்பாட்டுக்கு முழு 1 டிபியையும் செக்டார் செக்டாராக அள்ளும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக உறங்குவதில்லை. தன் மையப் பகுதியான கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸ் லைவிலிருந்து பார்த்தால் அந்த வட்டு ஹைபர்னேட் நிலையில் இருப்பதாகத் தெரியும், எழுத விடாது.

அடுத்து, வட்டின் பார்ட்டிஷன் அட்டவணை பழைய முறையான எம்பிஆரா, புதிய முறையான ஜிபிடியா என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய எம்பிஆர் அமைப்பு 2 டிபிக்கு மேல் பார்க்காது. 4 டிபி வட்டுக்கு அப்படியே க்ளோன் செய்தால் மீதிப் பாதி எட்டாக்கனிதான். பயோஸ் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையை ஆதரித்தால் விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து உடன்வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி தகவல் அழியாமல் மாற்றித் தரும். நான்கு பிரைமரி பார்ட்டிஷனும் நிரம்பியிருந்தால் மறுக்கும், மூன்றுக்கு மேல் கூடாது. மாற்றியதும் பயோஸில் பழைய பூட் முறையான லெகசியை யூஇஎஃப்ஐ என்று திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பூட் ஆகாது. என் யோசனை, இந்த மாற்றத்தை க்ளோனுக்குப் பின் புது வட்டில் செய்யுங்கள். பிசகினால் பழையது தொடப்படாமல் இருக்கும்.

நகலெடுக்கும்போது

நேரத்தைத் தீர்மானிப்பது சங்கிலியின் மிக மெதுவான கண்ணி. யூஎஸ்பி 2.0 வாயில் நொடிக்கு 35 எம்பி கிடைத்தால் 300 ஜிபிக்கு இரண்டே கால் மணிக்கு மேல். யூஎஸ்பி 3.0 என்றால் தடை பழைய ஹார்ட் டிஸ்க்தான். அது நொடிக்கு 100 எம்பி தந்தால் 50 நிமிடம். விலை மலிந்த எஸ்எஸ்டிகளில் தொடக்கம் வேகமாக இருந்து, கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பியதும் வேகம் சடாரென்று விழும். அது கோளாறு அல்ல, விட்டுவிடுங்கள். 3.5 அங்குல வட்டுக்கு 12 வோல்ட் தேவை. யூஎஸ்பி தருவது 5 வோல்ட், தனி மின் அடாப்டர் உள்ள டாக்கில்தான் (வட்டைச் செருகும் வெளிச் சாதனம்) அது சுழலும்.

வட்டைத் தேர்ந்தெடுக்கும் திரையில் கொள்ளளவை நம்ப வேண்டாம். மாடல் பெயரையும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளையும் ஸ்டிக்கரில் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே 500 ஜிபி என்றால் வேறு வழியே இல்லை. இடையில் விண்டோஸ் "இந்த வட்டை இனிஷியலைஸ் செய்யட்டுமா", "ஃபார்மேட் செய்யட்டுமா" என்று கேட்டால், அது எந்த வட்டு என்று உறுதியாகத் தெரியும்வரை கேன்சல்.

முதல் பூட்

நகல் முடிந்ததும் ரீஸ்டார்ட் அழுத்தாதீர்கள், ஷட்டவுன் செய்யுங்கள். பழைய வட்டைக் கழற்றி, புதியதை அதன் இடத்தில் மாட்டிய பிறகே முதல் பூட். யூஎஸ்பி பெட்டிக்குள் வைத்தபடியே சோதித்துப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், வட்டில் சாதாரணமாக நிறுவிய விண்டோஸ், யூஎஸ்பி வழியே இணைத்தால் சரியாக எழாது.

பழையதைக் கழற்றுவதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? அச்சு நகல் என்றால் கையொப்ப எண்ணும் ஒன்றேதான். ஒரே எண்ணுடன் இரண்டு வட்டுகளைக் கண்டால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். இன்னும் மோசமான நிலையும் உண்டு: கணினி புது வட்டிலிருந்து கிளம்பி, சி டிரைவாகப் பழையதைப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் சரி என்று பழையதை ஃபார்மேட் செய்ததும் கணினி எழாது. க்ளோன் வெற்றி என்று நினைத்தவர்கள் ஒரு வாரம் கழித்து முழிப்பது இதனால்தான். தனியாகப் புது வட்டில் ஒருமுறை சுத்தமாக எழுந்துவிட்டால் பிறகு பழையதைச் செருகலாம்.

எழவில்லையென்றால் அறிகுறியைப் பாருங்கள். பயோஸிலேயே வட்டு தெரியவில்லை என்றால் இணைப்பு, பொருத்துவாய் வகை. வட்டு தெரிகிறது, "பூட் சாதனம் இல்லை" என்கிறது என்றால் யூஇஎஃப்ஐ பூட் பதிவு இல்லை, அல்லது எம்பிஆர் வட்டை யூஇஎஃப்ஐ முறையில் எழுப்பப் பார்க்கிறீர்கள். பூட் பதிவைப் புதுப்பிக்க விண்டோஸ் நிறுவல் யூஎஸ்பியிலிருந்து கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, டிஸ்க்பார்ட் கருவியில், பூட் கோப்புகள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு (பெரும்பாலும் 100 எம்பி அளவு) ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து, பிசிடிபூட் கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறையையும் அந்த எழுத்தையும் காட்டினால் போதும். மீட்புச் சூழலில் சி டிரைவ் டி ஆகவோ ஈ ஆகவோ தெரியலாம், கோப்புறைகளைப் பட்டியலிட்டுப் பார்த்தபின் கட்டளையைக் கொடுங்கள்.

நீலத் திரையில் "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று வந்தால் அது டிரைவர் சிக்கல். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகும்போதும், பயோஸில் வட்டுகளை இயக்கும் முறை ரெய்டு அல்லது விஎம்டி என்றிருப்பது ஏஎச்சிஐ என்று மாறும்போதும் வரும். பூட்டின் தொடக்கத்தில் தேவையில்லை என்று விண்டோஸ் ஒதுக்கிவைத்த டிரைவர் இப்போது தேவைப்படுகிறது. சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பினால் அடிப்படை டிரைவர்கள் எல்லாம் ஏற்றப்பட்டு, பின்னர் சாதாரணமாகவே கிளம்பும். பயோஸ் அமைப்பை மாற்றும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்பே விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து, பிறகு பயோஸில் மாற்றி, சேஃப் மோடுக்குள் நுழைந்து அந்தத் தேர்வை நீக்குவதே வலியில்லாத வரிசை.

மீதி இடம் எங்கே போனது

250 ஜிபியிலிருந்து 1 டிபிக்கு வந்தும் சி டிரைவ் பழைய அளவிலேயே இருக்கும், எக்ஸ்டெண்ட் பொத்தான் மங்கி நிற்கும். சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் 500 எம்பி முதல் 1 ஜிபி வரையுள்ள ரெகவரி பார்ட்டிஷன் குறுக்கே படுத்திருப்பதே காரணம். அடுத்து ஒட்டியிருக்கும் இடத்தை மட்டுமே டிஸ்க் மேனேஜ்மென்டால் சேர்க்க முடியும். சில க்ளோன் மென்பொருள்கள் நகலெடுக்கும்போதே சி டிரைவை இழுத்துவிட அனுமதிக்கும், அதுவே சுலபம். தவறவிட்டால், ரீஏஜென்ட்சி கருவியால் மீட்புச் சூழலை முதலில் முடக்கி, யூஎஸ்பியிலிருந்து இயங்கும் பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டெட் லைவில் ரெகவரி பார்ட்டிஷனை வட்டின் கடைசிக்கு நகர்த்தி, சி டிரைவை விரித்து, விண்டோஸுக்குத் திரும்பியபின் மறுபடி இயக்குங்கள். முடக்காமல் நகர்த்தினால் விண்டோஸ் பழைய இடத்தையே தேடி, தேவைப்படும் நாளில் மீட்புத் திரை வராமல் போகும்.

லினக்ஸ் என்றால்

விண்டோஸைவிட இது வெளிப்படையானது. டிடி கட்டளையால் எடுத்த அச்சு நகலில் யூயூஐடி எண்கள் (ஒவ்வொரு பகுதியின் அடையாள எண்) மாறுவதில்லை, எனவே எஃப்எஸ்டேப்பில் (எந்தப் பகுதியை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) எதையும் தொட வேண்டாம். ஆனால் இரண்டு வட்டுகளையும் சேர்த்து மாட்டாதீர்கள். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு ஒரே எண்ணுள்ள இரண்டாவதை மவுன்ட் செய்ய மறுக்கும். பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு மறுக்காமல் குழம்பும், தகவல் கெடவும் வாய்ப்புண்டு. பெரிய வட்டுக்குப் போனால் ஜிபிடியின் மாற்றுப் பிரதி பழைய கடைசி இடத்திலேயே, அதாவது புது வட்டின் நடுவில் நிற்கும். ஜிபார்ட்டெட் திறக்கும்போது சரிசெய்யட்டுமா என்று கேட்கும், ஒப்புக்கொள்ளுங்கள்.

புதிதாக பார்ட்டிஷன் செய்து ஆர்சிங்க் என்ற நகல் கருவி வழியே கோப்புகளை நகர்த்தினால் யூயூஐடி மாறும். ஹார்டு லிங்க், அனுமதிகள், கூடுதல் பண்புகள் மூன்றையும் காக்கும் தெரிவுகளைச் சேருங்கள். லினக்ஸ் இயங்கும்போது மட்டும் உருவாகும் புராக், சிஸ், டெவ், ரன் கோப்புறைகளை விலக்குங்கள். எஃப்எஸ்டேப்பைத் திருத்தி, லினக்ஸை எழுப்பும் கிரப்பை மறுபடி நிறுவி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும். பூட்டில் 1 நிமிடம் 30 விநாடி கணக்கு ஓடி, பிறகு எமர்ஜென்சி மோடுக்குள் விழுந்தால், எஃப்எஸ்டேப்பில் ஏதோ ஒரு பழைய எண் மிச்சம் இருக்கிறது. கணக்கு ஓடியபின் பூட் தொடர்ந்துவிட்டால் பெரும்பாலும் அது ஸ்வாப் வரிதான்.

தரவை மட்டும் நகர்த்தும்போது

எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடுவது பெரிய கோப்புறைகளுக்கு உதவாது, ஒரு கோப்பில் தடுக்கினால் எது வந்தது எது விட்டது என்று தெரியாது. விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளை அதற்காகவே இருக்கிறது. மறுமுயற்சியை 1 என்றும் காத்திருப்பை 1 விநாடி என்றும் குறையுங்கள். இயல்பு மதிப்பு பத்து லட்சம் மறுமுயற்சி, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி, அதாவது முடிவில்லை. ஜங்ஷன்களை (வேறு கோப்புறைக்குத் திருப்பிவிடும் இணைப்புகள்) விலக்கும் தெரிவையும் சேருங்கள், இல்லாவிட்டால் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் சுற்றிச் சுற்றி ஓடும். மிரர் தெரிவு, மூலத்தில் இல்லாத எதையும் இலக்கில் அழிக்கும்.

ஒன்டிரைவ் கோப்புறையில் மேகக் குறி உள்ளவை வெறும் பெயர்ப்பலகைகள். "எப்போதும் இந்தச் சாதனத்தில் வை" என்று மாற்றி இறங்கும்வரை காத்திருங்கள். குரோம் கோப்புறையை நகலெடுத்தாலும் கடவுச்சொற்கள் வராது, அவை பழைய விண்டோஸ் பயனரின் சாவியால் பூட்டப்பட்டவை. ஃபயர்ஃபாக்ஸ் சுயவிவரக் கோப்புறையில் அவை வந்துவிடும்.

தமிழில் எழுதுபவர்கள் எழுத்துருக்களை மறந்துவிடுகிறார்கள். பாமினி, டேப், டேம் குறியாக்கத்தில் தட்டிய பழைய ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத புது நிறுவலில் வெறும் பொருளற்ற எழுத்துக் குவியலாகவே திறக்கும். விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபான்ட்ஸை மட்டும் பார்த்தால் போதாது. நிர்வாகி அனுமதியின்றி நிறுவியவை பயனரின் ஆப்டேட்டாவில் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற பாதையில் ஒளிந்திருக்கும்.

பழைய வட்டு

ஒரு மாதமாவது தொடாமல் வைத்திருங்கள். வரிக்கணக்கு மென்பொருளின் தரவோ, ஏதோ ஒரு உரிமக் கோப்போ விட்டுப்போனது அந்த வேலை வரும்போதுதான் தெரியும். விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு ஒட்டியது, வட்டு மாற்றத்தால் போகாது. ஆனால் வட்டின் சீரியலோடு கட்டப்பட்ட சில வணிக மென்பொருள்கள் மறுபடி செயல்படுத்தச் சொல்லும். முடிந்தால் பழைய வட்டில் இருக்கும்போதே அவற்றின் உரிமத்தை விடுவித்துவிடுங்கள்.

கைமாற்றும் முன் அழிப்பதில் ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் ஒன்றல்ல. டிஸ்க்பார்ட்டின் க்ளீன் கட்டளை பார்ட்டிஷன் அட்டவணையை மட்டுமே துடைக்கும், உள்ளிருப்பதை மீட்டெடுக்க முடியும். க்ளீன் ஆல் முழு வட்டிலும் பூச்சியம் எழுதும், ஹார்ட் டிஸ்கிற்கு அது போதும், மணிக்கணக்கில் ஓடும். எஸ்எஸ்டியில் வெளியே தெரியாத உபரி இடங்களை அது எட்டாது. அதற்குத் தயாரிப்பாளரின் கருவியிலோ பயோஸிலோ உள்ள செக்யூர் இரேஸ் அல்லது என்விஎம்இ ஃபார்மேட்தான் சரி. அழிக்கும் நேரத்தில் புது வட்டைக் கழற்றிவிட்டு, யூஎஸ்பியிலிருந்து எழுப்பிச் செய்யுங்கள்.